அன்னாளின் சின்னச் சட்டை



ஜூன் மாதம் வந்தாலே நம்ம தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டே பேச்சுதான். ஒன்று, மேட்டூர் திறந்தாச்சா, தண்ணீர் கல்லணைக்கு வந்தாச்சா என்பது. மற்றொன்று, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பது. இந்த வருஷம் நம் சபையிலிருந்து நான்கு பிள்ளைகள் முதலாம் ஆண்டு சேருகிறார்கள். இரண்டு பேர் தினமும் பஸ்ஸில் போய் வருவார்கள். இரண்டு பேர் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கப் போகிறார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெற்றோர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "பாஸ்டர் ஐயா, உங்க மகன் ஒரு வருஷம் முடிச்சுட்டான். நீங்க எப்படி வழிநடத்தினீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி, ஜெபம்பண்ணி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனச்சாட்சி குத்தினது. ஏனென்றால் நான் நன்றாக வழிநடத்தவில்லை. தப்பாக நடத்தி, அடிபட்டு, பிறகுதான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதை மறைத்துவிட்டு ஆலோசனை சொன்னால் அது மாய்மாலம். ஆகவே இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். வளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் எவ்வளவு தூரம் கண்காணிக்கலாம்? கண்காணிப்பது அன்பா, அவிசுவாசமா? கண்காணிக்காமல் விட்டால் அது விசுவாசமா, பொறுப்பில்லாத்தனமா?

நான் போட்ட கட்டளைகள்

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என் மகன்தான். நான் படித்தது வேதாகமக் கல்லூரி டிப்ளமோ. என் தகப்பனார் குத்தகை நிலத்தில் பாடுபட்டவர். மகனுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது என் சந்தோஷத்துக்கு அளவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அவனைச் சபையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தேன். சபையார் கைதட்டி ஆண்டவரை ஸ்தோத்தரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதை நான் தாழ்மை என்று நினைத்தேன்.

ஹாஸ்டலில் விட்டுவரும்போது மூன்று கட்டளை போட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு அறையைக் காட்ட வேண்டும். செலவுக் கணக்கை வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போனாலும் அந்தச் சபை வாசலில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மூன்றுக்கும் "சரிப்பா" என்றான். எட்டு மாதம் தவறாமல் செய்தான். நான் மற்ற தகப்பன்மாரிடத்தில், "என் பையன் எங்க இருக்கான், என்ன பண்றான்னு எனக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு போட்டோ வந்தது. பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என் மனைவிதான் போனை வாங்கிப் பார்த்து, "என்னங்க, வாசல்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குதே" என்றாள். மார்ச் மாதத்தில் எந்தச் சபையில் ஸ்டார் தொங்கும்? பழைய போட்டோக்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். நாலைந்து போட்டோதான், அதையே மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறான்.

மறுநாள் காலையில் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். ஹாஸ்டல் வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். போட்டோ மட்டும் அல்ல, இன்னும் இருந்தது. முதல் செமஸ்டரில் மூன்று பாடத்தில் அரியர். "ரிசல்ட் இன்னும் வரலப்பா" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த பிள்ளை. அங்கே எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே மனசில்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறான்.

"ஏன்டா தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்ககிட்ட சொன்னா சபையில ஜெபத்துக்கு வச்சிடுவீங்கப்பா."

பிரியமானவர்களே, பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன். அவன் தோல்வி அடுத்த உபவாச ஜெபத்தில் ஒரு குறிப்பாகியிருக்கும். அவன் ஊருக்கு வரும்போது ஐம்பது பேர், "தம்பி, அரியர் போயிடுச்சா, உனக்காக ஜெபிக்கிறோம்" என்று கேட்டிருப்பார்கள். அன்பினால்தான் கேட்பார்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தாங்குமா?

அன்றிரவு என் மனைவி சொன்னாள்: "பொய் சொன்னது அவன் தப்பு. ஆனா நிஜத்தைச் சொல்ல நம்ம வீட்ல அவனுக்கு ஒரு இடம் இல்லாமப் போச்சே, அது யார் தப்பு?"

கும்பகோணத்து வீடு

அதற்குப் பிறகு ஒரு காரியமாகக் கும்பகோணம் போனவன், சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாக நடந்தேன். கணித மேதை இராமானுஜன் வளர்ந்த சின்ன வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. எத்தனையோ தடவை அந்த வழியே போயிருக்கிறேன். அன்றுதான் அந்த வீட்டின் தகப்பனையும் தாயையும் நினைத்தேன்.

தகப்பனார் துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள். மகன் 1904-ல் பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்து, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். காவேரிக் கரையில் 1854 முதல் இருக்கிற கல்லூரி அது. கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கவனியாததால் தோற்றார். உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டைவிட்டே போய்விட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், விசாகப்பட்டினம். 1906-ல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கும் தேறவில்லை.

பின்னால் நடந்தது உலகத்துக்குத் தெரியும். 1914-ல் கேம்பிரிட்ஜ், 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர், 1920-ல் 32-ம் வயதில் மரணம். ஆனால், "தோற்ற பிள்ளையெல்லாம் மேதையாவான்" என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் மகன் இராமானுஜன் அல்ல. நான் நினைத்தது 1905-ம் வருஷத்து அந்த வீட்டை. அன்று அவர் மேதை அல்ல, தோற்றுப்போன ஒரு பையன். காணாமல் போன பிள்ளைக்காகத் தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. திரும்பி வந்தபோது அந்த வீட்டில் அவருக்குச் சோறு இருந்தது, படுக்க இடம் இருந்தது. பரீட்சையில் தோற்ற பிறகும் எத்தனையோ வருஷம் அவர் நோட்டுப் புத்தகமும் கையுமாக இருந்தார். 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த வருஷங்களில் அவரைத் தாங்கினதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு பிள்ளை வெற்றியோடு வருகிறதற்கு எந்த வாசலும் போதும். தோல்வியோடு வருகிறதற்கு வீட்டு வாசல் ஒன்றுதான் உண்டு. அதுவும் அடைத்திருந்தால் பிள்ளை எங்கே போகும்?

அப்படியானால் பயம் வேண்டாமா?

ஒரு மூப்பரிடம் இதைப் பகிர்ந்தபோது அவர் சொன்னார்: "பாஸ்டர், காலம் கெட்டுக் கிடக்கு. கயிற்றை விட்டா மாடு வயல்ல இறங்கிடும்." அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தில், 1996 நவம்பரில் நாவரசு என்ற முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலைசெய்யப்பட்டதை நம் தலைமுறை மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அன்று பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருந்த எந்தத் தாயும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

ஆனால் அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் நாம் ஒரு பக்கத்து வீட்டை மட்டும் நினைக்கிறோம். "என் பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்துவிடுவார்களோ" என்று பயப்படுகிறோம். தண்டனை பெற்றவரும் ஒரு மாணவர்தான். அவரையும் ஒரு தாயும் தகப்பனும் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து விட்டிருப்பார்கள். "என் பிள்ளை இன்னொருவர் பிள்ளைக்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டுமே" என்று நம்மில் எத்தனை பேர் ஜெபிக்கிறோம்? வீடியோவில் அறையைக் காட்டச் சொன்னால் கட்டில் தெரியும், அலமாரி தெரியும். இருதயம் தெரியுமா?

ஏலிக்குத் தெரியாமல் இல்லை

வேதத்தில் ஏலியின் வீட்டைப் பாருங்கள் (1 சாமுவேல் 2, 3). ஓப்னியும் பினெகாசும் தகப்பன் கண்ணெதிரே, ஆசரிப்புக்கூடாரத்திலேயே இருந்தவர்கள். ஹாஸ்டலுக்குப் போகவில்லை. இருந்தும் கெட்டார்கள். ஏலிக்கு விஷயம் தெரியாமல் போகவில்லை. ஜனங்களெல்லாம் வந்து சொன்னார்கள். எல்லாம் தெரிந்தும் பிள்ளைகளை அடக்கவில்லை என்பதுதான் அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. ஆகவே, "பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறவர்களுக்கு ஏலியின் வீடு எச்சரிப்பு.

ஆனால் கவனியுங்கள். ஏலிக்குக் குறைவாயிருந்தது கண்காணிப்பு அல்ல. தெரிந்ததைக் குறித்து எழுந்து நிற்கிற தைரியம்தான் குறைவு. என் குறைவு வேறு. எனக்குத் தகவல் வந்துகொண்டே இருந்தது, தினமும் ஒன்பது மணிக்கு. பிள்ளை என்னிடம் பேசுவதற்கு வழிதான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதே கூடாரத்தில் பரிசுத்தமாய் வளர்ந்த சாமுவேலின் பிள்ளைகளே பிற்பாடு பரிதானம் வாங்கினார்கள் (1 சாமுவேல் 8). பக்கத்தில் வைத்தால் நல்லவன், தூர அனுப்பினால் கெட்டவன் என்று கணக்குப்போட வேதம் இடங்கொடுக்கவில்லை. நல்ல தகப்பனுக்கு நல்ல பிள்ளை என்கிற கணக்கும் இல்லை. இது ஊழியக்காரனாகிய எனக்குக் கசப்பான பாடம். என் மகன் நன்றாயிருந்தால் அது என் ஊழியத்துக்குச் சாட்சி, அவன் தோற்றால் அது என் ஊழியத்துக்கு அவமானம் என்று நினைத்திருந்தேன். அவன் வாழ்க்கையை என் சாட்சிப் பத்திரமாக்கப் பார்த்தேன். அது அன்பு என்கிற பெயரில் செய்த சுயநலம்.

சின்னச் சட்டை

அன்னாளுக்கு வருவோம். பால் மறந்த பிள்ளையைச் சீலோவிலே விட்டுவிட்டு வந்தவள். எப்படிப்பட்ட இடத்தில் விட்டாள்? கண் மங்கிக்கொண்டிருந்த ஏலி ஒரு பக்கம், அவனுடைய துன்மார்க்கப் பிள்ளைகள் ஒரு பக்கம். இதைவிட மோசமான ஹாஸ்டல் உண்டா? அவள் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவரவும் இல்லை, விட்டாச்சு என்று கை கழுவவும் இல்லை. வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19).

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது புரியும். கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அளவெடுப்பது எப்படி? போன வருஷ அளவில் தைத்தால் போட முடியாது. "இந்நேரம் தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும்" என்று யோசித்து யோசித்துத்தான் வெட்ட வேண்டும். தான் பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளை வளர்ந்திருப்பான் என்று ஒவ்வொரு வருஷமும் அவள் ஒத்துக்கொண்டாள். நானோ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அளவிலேயே சட்டை தைத்து, அதற்குள் கல்லூரிப் பிள்ளையைத் திணிக்கப் பார்த்தேன்.

நமக்குத் தெரியாத காரியமா இது? குறுவை நாற்று இருபத்தைந்து நாளில் பறிக்காமல் நாற்றங்காலிலேயே முற்றவிட்டால் அப்புறம் நட்டுப் பிரயோஜனமில்லை. பறித்து நட்ட நாற்று முதல் வாரம் மஞ்சளடித்துத் துவண்டுதான் நிற்கும். செத்துப்போச்சு என்று யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. பாசம் மிகுதியாகி வயல் முட்டத் தண்ணீர் கட்டினாலும் அழுகிப்போகும். அளவாய்த் தண்ணீர் வைத்து, தினமும் வரப்பில் ஒரு நடை நடந்து, பச்சை பிடிக்கக் காத்திருக்கிறோம். பயிருக்குக் காட்டுகிற பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டத்தான் நமக்குத் தெரியவில்லை.

ஒரு தாயின் கேள்வி

நம் சபையில் ஒரு சகோதரி இருக்கிறார்கள். கணவர் இல்லை, நடவு களை எடுப்பு வேலைக்குப் போகிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. மகள் தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியில் படிக்கிறாள். பெண் பிள்ளை என்றால் நம் ஊரில் இன்னொரு சுற்று வேலி போடுவார்கள் அல்லவா? இந்தச் சகோதரி போடவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதைக்கூட மகள் கையிலேயே விட்டிருக்கிறார்கள்.

"எப்படிம்மா தைரியமா இருக்கீங்க?" என்று கேட்டேன். "தைரியம்லாம் இல்லைங்கய்யா. பயந்தான். சாயங்காலம் வந்ததும் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். இன்னைக்கு யார் கூட உக்காந்து சாப்பிட்டேன்னு. அதைச் சொல்ல ஆரம்பிச்சான்னா எல்லாம் வந்துடும்" என்றார்கள்.

மார்க் கேட்கவில்லை, போட்டோ கேட்கவில்லை. யாரோடு சாப்பிட்டாய்? தனியாய் உட்கார்ந்து சாப்பிட்டால் அதிலேயே தெரிந்துவிடும். இதைத்தான் நான் அன்னாளின் சட்டை என்கிறேன். என் டிப்ளமோ கற்றுத்தராததை அந்தத் தாயிடம் கற்றுக்கொண்டேன்.

பெற்றோருக்கு நான்கு வார்த்தை

1. பிள்ளை முதல் தோல்வியைச் சொல்லும்போது முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாதிருங்கள். புத்தி சொல்லப் பிறகு நேரம் இருக்கிறது. அந்த ஐந்து நிமிஷத்தில்தான், அடுத்த தடவை சொல்லலாமா வேண்டாமா என்று பிள்ளை தீர்மானிக்கிறது.

2. பிள்ளை நம்பிச் சொன்னதை அதன் அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்லாதிருங்கள், ஜெபக்குறிப்பாகக்கூட. தேவனிடத்தில் சொல்ல மைக் தேவையில்லை. சபையாரும், ஊருக்கு வரும் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காமல், "சாப்பிட்டியா தம்பி" என்று கேளுங்கள்.

3. தெரிந்தபின் ஏலியைப்போல் இருக்காதிருங்கள். ராகிங் நடக்கிறது, உங்கள் பிள்ளையே பிறரை வதைக்கிறான், குடி, சூது என்று தெரிந்தால் நேரே போய் நில்லுங்கள். ராகிங் குறித்துப் புகார் செய்ய 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் உண்டு. மனச்சோர்வில் இருக்கிற பிள்ளைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாய் ஆலோசனை கிடைக்கும். இவற்றைப் பயன்படுத்துவது அவிசுவாசம் அல்ல.

4. நீங்களே தோற்ற கதை ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நான் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கப் பாடத்தில் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன். இருபது வருஷமாக அதை வீட்டில் சொன்னதில்லை. அந்த டீக்கடை நாளுக்குப் பிறகுதான் சொன்னேன். மகன் சிரித்துவிட்டான்.

முடிவாக

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். ஏப்ரல் பரீட்சையில் மூன்று அரியரில் இரண்டு தேறினான், ஒன்று பாக்கி. ஞாயிறு ஆராதனைக்குச் சில வாரம் போகிறான், சில வாரம் போகவில்லை. போகாத வாரம், "இன்னைக்குப் போகலப்பா" என்று அவனே சொல்லிவிடுகிறான். முன்பு போட்டோ பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த வார்த்தை மனசை வலிக்கச் செய்கிறது. ஆனாலும் போட்டோவைவிட எனக்கு அது பெரிது, ஏனென்றால் அது நிஜம். மீதியை ஆண்டவர் கையில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

இதை எழுதலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சொன்னான்: "எழுதுங்கப்பா. நாலு பேருக்கு உதவும்னா எழுதுங்க. ஆனா சாட்சின்னு மட்டும் தலைப்பு போடாதீங்க."

போடவில்லை.

இந்த மாதம் பெட்டி கட்டுகிற நான்கு பிள்ளைகளையும், வாசலில் நின்று கையசைக்கப் போகிற எட்டுப் பெற்றோரையும் கர்த்தர் காப்பாராக. தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு அளவறிந்து சட்டை தைக்கிற ஞானத்தை அவர் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்